அளவு ஜாக்கெட்டில் இருந்த வாசனை

லைனிங் துணியில் ஒரு விரற்கடை அகலத்துக்குப் பட்டி கிழிக்க வேண்டும், கத்தரிக்கோல் எழுந்து போய் எடுக்கிற தூரத்தில் கிடக்கிறது, சரி பல்லால் ஆரம்பித்து வைப்போம் என்று துணியின் ஓரத்தை வாயருகே கொண்டு போனாள் பாக்கியம். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. இருபத்தோரு வருஷமாக உறையூரில் இந்த முன்னறையில் உட்கார்ந்து தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறவளுக்கு வாசனை என்ன புதுசா? கடித்தாள், கிழித்தாள், பாதி கிழிந்த நிலையில் கை நின்றுவிட்டது. மறுபடி மூக்கருகே கொண்டு போனாள். சந்தனம் மாதிரி ஆரம்பித்து, போகப் போகக் காய்ந்த புகையிலை மாதிரி லேசாகக் கசந்து முடிகிற வாசனை. ஆம்பிளைகள் அடித்துக்கொள்கிற சென்ட். இன்னும் சொல்லப்போனால் இந்தத் தெருவில் ஒரே ஒரு ஆம்பிளை அடித்துக்கொள்கிற சென்ட், நாலு வீடு தள்ளிப் பச்சைக் கேட் வீட்டு ஞானசேகரன் சாருக்குக் குவைத்திலிருந்து அவர் தம்பி அனுப்புகிறது. அது இந்தத் துணியில் எப்படி வந்தது? இது யாரும் உடுத்தின துணி இல்லை. கடையில் மீட்டர் கணக்கில் கிழித்து வாங்கி, சுருங்கிவிடக் கூடாதென்று இவளே வாளித் தண்ணீரில் நனைத்து, கொடியில் காயப்போட்டு, மடித்து, ஞானசேகரன் சார் மனைவி உமாக்காவின் பட்டு ஜாக்கெட்டுக்காக எடுத்து வைத்தது. தைத்தது போக அரை மீட்டர் மிச்சம். ஒரு மனுஷ உடம்பு இதன் மேல் பட்டதில்லை. பட்டதெல்லாம் இந்தக் கவர்தான். ஜவுளிக்கடையில் பட்டுப் புடவைக்குக் கொடுக்கிற கெட்டிப் பிளாஸ்டிக் கவர், மேலே ஜிப். ஜன்னலோரத்து ஆணியில், காலை வெயில் நேராக விழுகிற இடத்தில் தொங்குகிறது. அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவால் இவள் கையெழுத்தில்: உமா வீடு, கீழ், மேல். கீழ் என்றால் உமாக்கா. மேல் என்றால் மாடியில் குடியிருந்த தெய்வநாயகி. ஒரே வாசல், ஒரே விலாசம், இரண்டு கவர் எதற்கு என்று இவள்தான் இரண்டு பேர் அளவு ஜாக்கெட்டையும் ஒன்றாகப் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். போன மாசம் எட்டு நாள் இரண்டும் அதற்குள்ளேயே கிடந்தன. பாக்கியம் கவரைத் திறந்து உள்ளே முகத்தை விட்டாள். பிறகு மெதுவாக எடுத்தாள். மணி ஒன்பது ஐம்பது. பத்தரைக்குத் தெய்வநாயகி வருவாள்.

லைனிங் துணியை மடியில் போட்டுக்கொண்டாள். கை சும்மா இருக்கக் கூடாது, ஆறு ஹூக் வைக்க வேண்டும், மடியில் கிடக்கிற நீலப் பருத்தி ஜாக்கெட் தெய்வநாயகியுடையது, அதை வாங்கிக்கொண்டு போகத்தான் அவள் வருகிறாள். ஆட்டோவில் சாமானை ஏற்றிவிட்டு, போகிற வழியில் நிறுத்தி, வாங்கிக்கொண்டு போகிறேன்க்கா என்று காலையில் போனில் சொன்னாள். சாமானை ஏற்றிவிட்டு. ஆடி மாசத்தில் யாராவது வீடு மாறுவார்களா? மாற மாட்டார்கள், குடிவைக்கவும் மாட்டார்கள், அதனால்தான் வீடு கிடைக்காமல் கன்டோன்மென்டில் ஏதோ லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு கட்டிலைப் பிடித்துக்கொண்டு போகிறாள், முப்பத்தெட்டு வயசில், சின்னப் பெண்களோடு. ஆவணி பிறக்கிறவரைக்கும்கூட உமாக்கா பொறுக்கவில்லை. முதல் ஹூக்கைத் துணிமேல் வைத்து அமுக்கி அதன் கண்ணில் ஊசியை விட்டாள் பாக்கியம். ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. நான் என்ன சொன்னேன்? நான் ஒன்றும் சொல்லவில்லையே. வாசனை வந்தது என்றுதானே சொன்னேன்? வந்தது, சொன்னேன். பொய்யா சொன்னேன்? இந்த மூன்று வாரமாக இவள் மனசுக்குள் ஒரு வக்கீல் உட்கார்ந்துகொண்டு இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார், இன்றைக்கும் எழுந்து நின்று ஆரம்பித்தார், ஆனால் லைனிங் துணி மடியில் கிடந்ததால் பாதியில் உட்கார்ந்துவிட்டார். நாலாவது சுற்றில் ஊசி விரலில் ஏறியது. விரலை வாயில் வைத்தாள். விரலிலும் அந்த வாசனை.

மூக்கு. எல்லாம் இந்த மூக்கால் வந்தது. இதை எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறாள். அளவு நாடா எதுக்குங்க, மூக்கு போதும் எனக்கு, என்பாள். தைக்கக் கொடுக்கிறவர்கள் துவைத்து மடித்த ஜாக்கெட்டை அளவுக்குக் கொண்டுவந்தாலும், அவசரத்தில் நேற்றுக் கழற்றினதைக் கொண்டுவந்தாலும், கை வளைவின் உள்பக்கம் ஒரு வாசனை இருக்கும், எத்தனை துவைத்தாலும் போகாது, தையலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை வைத்து ஆளைச் சொல்வாள் பாக்கியம். பவுடர் வாசனை வருகிறவர்கள் ஒழுங்கானவர்கள், அம்மா சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர்கள். ரோஸ் வாசனை அடித்துக்கொள்கிறவர்கள் யாரிடமும் சண்டை வேண்டாம் என்று போகிறவர்கள். பத்தடி தூரத்துக்கு வருகிற சென்ட் போடுகிறவர்கள், தன்னை யாரும் பார்க்காமல் போய்விடுவார்களோ என்று பயந்தவர்கள். தைலம் வாசனை என்றால் தூக்கம் இல்லாதவர்கள். பக்கத்துத் தெரு டீச்சர் ஒருத்தி, திடீரென்று மல்லிகை சென்ட் போட ஆரம்பித்தபோது, டீச்சர் வீட்டுக்காரர் ஊரிலேருந்து வந்துட்டாரா என்று கேட்டாள். டீச்சர் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அறையில் இருந்த பெண்கள் கைதட்டாத குறை. என் வாசனை என்ன சொல்லுது பாக்கியம், எனக்குச் சொல்லு, எனக்குச் சொல்லு என்பார்கள். சொல்வாள். அவர்கள் சிரிக்கச் சிரிக்க இவளுக்கு உச்சி குளிரும். பத்தாவது ஃபெயிலான ஒருத்தி பேசுவதை நாலு படித்த பெண்கள் வாயைப் பார்த்துக்கொண்டு கேட்டால் யாருக்குத்தான் தலை கிறுகிறுக்காது? அதில் ஒருத்திகூட, ஏண்டி நான் அளவுக்குத்தானே ஜாக்கெட் குடுத்தேன், நீ எதுக்கு அதை மோந்து பார்த்தே என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இதை இன்றைக்குத்தான் நினைக்கிறாள், முதல் ஹூக்கைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டதையும் இப்போதுதான் பார்க்கிறாள். பிரித்தாள்.

தெய்வநாயகி கேட்டாள். இல்லை, அப்படிக் கேட்கவில்லை, ஆனால் கேட்டாள். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள், காலை ஆறு மணிக்கே போய்விடுவாள், யாரோடும் அதிகம் பேச மாட்டாள், கல்யாணம் நின்று போனது என்று சொல்வார்கள், ஆகி முறிந்தது என்றும் சொல்வார்கள், அவள் எதையும் சொன்னதில்லை. அவள் ஜாக்கெட்டில் ஒரு வாசனையும் இருக்காது. ஊசி போடுவதற்கு முன்னால் தடவுகிற ஸ்பிரிட் வாசனை ஒன்று, மெலிசாக. அதைத் தாண்டி ஒன்றுமில்லை. பாக்கியத்துக்கு அது எரிச்சல். எல்லா வீட்டுக் கதவும் திறந்திருக்கிற தெருவில் ஒரு வீடு மட்டும் பூட்டிக்கிடந்தால் வருகிற எரிச்சல். பங்குனியில் ஒரு நாள் நாலைந்து பேர் இருக்கும்போது சொன்னாள், "உங்களுக்கு ஒண்ணுமே இல்லைம்மா, வெறும் ஆஸ்பத்திரி வாசனைதான். மூடி போட்ட பாட்டில் நீங்க." எல்லோரும் சிரித்தார்கள், தெய்வநாயகியும் சிரித்தாள். சிரித்துவிட்டு, "ஏங்க்கா, எல்லாருக்கும் சொல்றீங்க. உங்களுக்கு என்ன வாசனைன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். சாதாரணமாகத்தான் கேட்டாள், முகத்தில் கள்ளம் கிடையாது. ஆனால் அறை ஒரு நொடி சும்மா இருந்தது. அந்த ஒரு நொடியில் பாக்கியத்துக்குத் தன்மேல் வருகிற வாசனை முழுக்கத் தெரிந்தது: மெஷின் எண்ணெய், வியர்வை, காலையில் அரைத்த பூண்டு, இவற்றுக்கு மேல் இருபது முப்பது பெண்களின் பழைய துணி. அன்றைக்கு ராத்திரி சோப்புப் போட்டு இரண்டு தடவை குளித்தாள். சித்திரை பிறந்த அன்று தெய்வநாயகி வந்து சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்தாள். பெரியகடை வீதியில் அத்தர்க் கடையில் வாங்கினேன்க்கா, மகிழம்பூ, உங்களுக்கு ஒத்துவரும்னு தோணிச்சு. ஒத்துவருமாம். வாங்கிக்கொண்டு பல்லைக் காட்டினாள் பாக்கியம். அவள் படியிறங்கினதும், நாத்தம் அடிக்கிதுன்னு சொல்லாம சொல்லிட்டுப் போறா பாரு, என்று மெஷினிடம் சொன்னாள். டப்பாவை அப்படியே மேஜை டிராயரில் பழைய பட்டன்களுக்கு அடியில் தள்ளினாள். பிரிக்கவில்லை.

இரண்டாவது ஹூக். வெளியே ஆடிக் காற்று ஜன்னல் கதவை இழுத்து இழுத்து அடித்தது, செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அப்புறம் ஆனி மாசம். உமாக்காவும் தெய்வநாயகியும் ஒரே நாளில் துணி கொடுத்தார்கள், எட்டு நாள் கழித்துக் கவரைத் திறந்து மாடியம்மா ஜாக்கெட்டை எடுத்தாள், அதில் சார் சென்ட் வாசனை, தூக்கிவாரிப் போட்டது. பூட்டின வீட்டுக்குள்ளிருந்து ஆம்பிளைக் குரல் கேட்ட மாதிரி. இங்கேதான், இந்த இடத்தில்தான் பாக்கியத்தின் நினைப்பு சிக்கிக்கொள்கிறது, மூன்று வாரமாக இங்கே வந்து இங்கேயே சுற்றுகிறது. ஏனென்றால் அப்போது இவள் திடுக்கிட்டதாகத்தான் இவ்வளவு நாளும் நினைவு வைத்திருந்தாள். அய்யோ பாவமே, உமாக்கா குடும்பம் என்ன ஆகும் என்று பதறினதாக. இன்றைக்கு லைனிங் துணி மடியில் கிடக்க, உள்ளே இருக்கிற வக்கீலும் எழுந்து போய்விட, நடந்தது நடந்தபடி தெரிகிறது. திடுக்கிடவில்லை. சந்தோஷப்பட்டாள். மாட்டினியா, என்றுதான் முதலில் தோன்றியது. எனக்கு என்ன வாசனை என்று கேட்டவளே, உனக்கு என்ன வாசனை இப்போ, என்று தோன்றியது. ஒரே கவரில் எட்டு நாள் கிடந்த துணியாயிற்றே என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் நினைத்திருந்தால் தெரிந்திருக்கும். டீத்தூளுக்குப் பக்கத்தில் ஊதுபத்தியை வைத்தால் டீ என்ன ஆகும் என்று தெரியாதவளா இவள்? தெரிந்துகொள்ளப் பிடிக்கவில்லை. அதுதான். பிடிக்கவில்லை. பாக்கியத்துக்குக் காது மடல் சுட்டது. தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறாள், யாரும் பார்க்கவில்லை, இருந்தும் முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள்.

அதற்கு நாலு நாள் கழித்து உமாக்கா பட்டு ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்க வந்தாள். உமாக்கா நல்லவள்தான், வாய்தான் கொஞ்சம் அகலம். கண்ணாடி முன்னால் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரரு இப்பல்லாம் பாதி பாட்டில அடிச்சுக்கிட்டுத்தான் ஆபீஸ் போறாரு பாக்கியம். யாரு மயங்கணும்னு அடிக்கிறாரோ," என்று சிரித்தாள். சும்மா சொன்னாள். தன் புருஷனுக்குப் பவுசு இருக்கிறது என்று பெருமையில் சொல்கிற பேச்சு, எல்லாப் பெண்களும் சொல்கிறதுதான். அங்கேயே பேச்சு நின்றிருக்க வேண்டும். ஆமாங்க்கா என்று சொல்லிவிட்டுக் குனிந்திருக்க வேண்டும். நாக்கு சும்மா இருந்தால்தானே? வாயில் இரண்டு குண்டூசியைக் கவ்விக்கொண்டிருந்தாள், அதை எடுத்துப் பின்குஷனில் குத்திவிட்டுச் சொன்னாள். அதுகூட நினைவிருக்கிறது, பேசுவதற்காகக் குண்டூசியை எடுத்தது. "அந்த வாசனை மாடியம்மா அளவு ஜாக்கெட்லயும் வந்துச்சுங்க்கா. ஒரே வீடு பாருங்க, ஒட்டிக்கிச்சு போல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு. வார்த்தையையாவது வக்கீலை வைத்துக் காப்பாற்றிவிடலாம், அந்தச் சிரிப்பை என்ன செய்வது? கண்ணாடியில் உமாக்காவின் முகம் சிரிப்பை மறந்துபோய் அப்படியே நின்றது. "எங்க, குடு பாப்போம்," என்றாள். கொடுத்தாள் பாக்கியம். கவரைத் திறந்து, தெய்வநாயகியின் ஜாக்கெட்டை எடுத்து, இங்கேதான்க்கா என்று கை வளைவை விரித்துக்கூடக் காட்டினாள். ஒரு பெண் நாளெல்லாம் யார் யார் ரத்தத்தையோ எடுத்துவிட்டு வந்து கழற்றிப் போட்ட ஜாக்கெட்டின் அக்குளில் இரண்டு பொம்பிளைகள் மாறி மாறி மூக்கை வைத்தார்கள், பட்டப்பகலில், இந்த அறையில், அந்தக் கண்ணாடிக்கு முன்னால். "நான் அவரு பீரோவுலதான் என் துணிய அடுக்கறேன், எனக்கு வரும். அவளுக்கு எப்படிடி வரும்?" என்று உமாக்கா கேட்டாள்.  அதுதானே என்பதுபோலப் பாக்கியம் தலையை ஆட்டினாள்.

மூன்று, நாலு. ஹூக் ஒரே வரிசையில் வந்திருக்கிறதா என்று தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். வரவில்லை, நாலாவது ஒரு நூல் தள்ளி. பரவாயில்லை என்று விடுகிறவள் இல்லை பாக்கியம், வேலையில் சுத்தம். பிரித்து மறுபடி வைத்தாள். துணி விஷயத்தில் ஒரு நூல் தப்பினாலும் பிரிக்கிற கை. உமாக்கா மோந்து பார்த்துவிட்டுப் போன மறுநாள் மாடிக்குத் தண்ணீர் மோட்டார் நின்றது. மூன்றாம் நாள் உமாக்கா வாசலில் நின்று பேசினது இங்கே வரைக்கும் கேட்டது, பாக்கியம் மெஷினை வேகமாக மிதித்தாள், கேட்காமல் இருக்க. ஞானசேகரன் சார் இப்போது சென்ட் போடுவதில்லை, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போகிறார், அவருக்கே தான் ஏதோ செய்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்துவிட்ட மாதிரி. தெருவில் தெய்வநாயகி வந்தால் குழாயடியில் பேச்சு நின்றது. போன வாரம் நீலத் துணியைக் கொண்டுவந்து கொடுத்தபோது அவளே சொன்னாள், "எங்கேருந்து கெளம்புச்சுன்னே தெரியலக்கா. ஒரு நாள் வரைக்கும் நல்லாத்தான் பேசினாங்க. நான் அவரப் பாத்துப் பேசினதே வாடகை குடுக்கறப்பதான்." இவள் என்ன சொன்னாள் தெரியுமா? காலம் கெட்டுக் கிடக்கும்மா, என்றாள். சொல்லிவிட்டு, நூல் என்ன கலர் போடட்டும் என்று கேட்டாள். அதை நினைத்ததும் பாக்கியத்துக்கு உட்கார முடியவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள்.

சொல்லிவிடலாம். பத்தரைக்கு வருவாள், கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடலாம். சொன்னால்? சொன்னால் தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரிந்தால் நாளைக்கு எவள் இங்கே ஜாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுப்பாள்? கொடுக்கும்போது இவள் மூக்கைப் பார்ப்பாள். டீச்சர் வர மாட்டாள். கைதட்டாத குறையாகச் சிரித்த அத்தனை பேரும் வீட்டுக்குப் போய்த் தங்கள் பழைய ஜாக்கெட்டை எல்லாம் எடுத்து மோந்து பார்ப்பார்கள், இவள் என்னென்ன கண்டுபிடித்தாளோ, யாரிடம் சொன்னாளோ என்று. இந்த மெஷினைத் தவிர இவளுக்கு என்ன தெரியும்? சொல்லாமல் இருந்தால்? சொல்லாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. தெய்வநாயகி போகிறாள், போனால் அளவு ஜாக்கெட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போவாள். அளவைத் திருப்பி வாங்கிவிட்டால் அந்தத் தையல்காரியோடு உறவு முடிந்தது என்று அர்த்தம், பத்து வருஷம் தைத்தவர்களும் அப்படித்தான் போகிறார்கள். அவள் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். அதோடு அவள் யாரோ, இவள் யாரோ. லைனிங்கைத் துவைத்துப் போட்டுவிடலாம், கவரைக் குப்பையில் போட்டுவிடலாம். பாக்கியம் அளவு ஜாக்கெட்டை எடுத்து, வந்தவுடன் கொடுக்கத் தோதாக டிராயரில் மேலாக வைத்தாள். ஐந்தாவது ஹூக்கும் ஆறாவது ஹூக்கும் எப்படி வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

ஆட்டோச் சத்தம் வாசலில் வந்து நின்றது. பின் சீட்டு நிறையப் பெட்டி, ஒரு பாய்ச் சுருட்டு, பிளாஸ்டிக் வாளிக்குள் குக்கர். தெய்வநாயகி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். தலை வாரி, பூ வைக்காமல், வேலைக்குப் போகிற மாதிரியே இருந்தாள். கண்ணுக்குக் கீழே மட்டும் கறுத்திருந்தது.

"ஆயிடுச்சாக்கா?"

"ஆச்சும்மா." கவரில் போடக் கை போனது, அந்தக் கவர்தான் அருகில் இருந்தது, கையைச் சுட்டுக்கொண்டவள்போல் இழுத்துக்கொண்டு பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். "அளவு ஜாக்கெட்டும் இருக்கு, எடுத்துத் தர்றேன்."

"அது இருக்கட்டும்க்கா. கன்டோன்மென்ட்லேருந்து ஒரே பஸ்தானே, இங்க வந்தே தச்சுக்கறேன்." தெய்வநாயகி பொட்டலத்தைப் பைக்குள் வைத்தாள். "புதுசா ஒருத்தங்ககிட்டப் போயி உடம்ப அளக்கக் குடுக்கறது எனக்கு ஒரு மாதிரி. உங்க கை பழகிப் போச்சு." பிறகு லேசாகச் சிரித்து, "இந்தத் தெருவுல நீங்க ஒருத்தராவது முகத்தப் பாத்துப் பேசினீங்க. வர்றேன்க்கா," என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு அவள் படியிறங்குவதைப் பாக்கியம் பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தப் பாத்துப் பேசினீங்க. அடிப்பாவி, நான் உன் முகத்தையா பார்த்தேன்? டிராயர் பாதி திறந்து கிடந்தது, அதில் அளவு ஜாக்கெட் மேலாகக் கிடந்தது, அவள் வாங்கிக்கொண்டு போகாத அளவு ஜாக்கெட். இனிமேல் அது இங்கேதான் கிடக்கும். பொங்கலுக்கு வருவாள், தீபாவளிக்கு வருவாள், பஸ் ஏறி வந்து, அக்கா என்று கூப்பிட்டு, கழற்றிப் போட்ட துணியை நம்பிக் கையில் கொடுப்பாள். ஒவ்வொரு தடவையும் இவள் வாங்க வேண்டும். ஆட்டோ உறுமியது.

"தெய்வநாயகிம்மா, நில்லுங்க." குரல் இவளுடையது மாதிரியே இல்லை. லைனிங் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வாசலுக்கு வந்திருந்தாள். "நான்தாம்மா சொன்னேன்."

"என்னக்கா?"

"உமாக்காகிட்ட. உங்க ஜாக்கெட்ல சார் சென்ட் வாசனை வருதுன்னு. நான்தான் சொன்னேன்." ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார், நன்றாகக் கேட்கட்டும் என்றோ என்னவோ இன்ஜினை அணைத்தார். "அது உங்கதில்லம்மா. ரெண்டு பேருதையும் ஒரே கவர்ல போட்டு மூடி வெச்சிருந்தேன், உமாக்கா ஜாக்கெட்லேருந்து ஒட்டிக்கிச்சு. இந்தா பாருங்க, லைனிங், யாரும் கட்டாத துணி, இதுலயும் வருது. இன்னிக்குக் காலையிலதான்மா தெரிஞ்சுது. சத்தியமா இன்னிக்குத்தான்."

தெய்வநாயகி ஆட்டோவிலிருந்து இறங்கினாள். கத்துவாள் என்று நினைத்தாள் பாக்கியம், கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

"மோந்து பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அவங்களும்?"

"நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

நீட்டின லைனிங் துணியை அவள் வாங்கவே இல்லை. "இத எதுக்கு எங்கிட்டக் காட்டறீங்க? என்னப் பத்தி எனக்குத்தான் தெரியுமே," என்றாள். செருப்போடு உள்ளே வந்தாள். திறந்து கிடந்த டிராயரில் கையை விட்டுத் தன் ஜாக்கெட்டை இழுத்தாள். அதோடு பட்டன்கள் சிதற, சின்ன டப்பா ஒன்று உருண்டு வந்து அவள் கையருகே நின்றது. அத்தர்க் கடை டப்பா. மேலே சுற்றின கண்ணாடிப் பேப்பர்கூடக் கிழியவில்லை. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"பிரிக்கவே இல்லையா?"

பாக்கியத்துக்கு வாயில் உண்மைதான் வந்தது. "எம்மேல நாத்தம் அடிக்குதுன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன்மா."

தெய்வநாயகி அவள் முகத்தைப் பார்த்தாள்.  "அதுக்காகவா?" என்றாள்.  டப்பாவை மெஷின்மேல் வைத்துவிட்டு, ஜாக்கெட்டைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு போய் ஆட்டோவில் ஏறினாள். ஆட்டோ பச்சைக் கேட் வீட்டைத் தாண்டி, முக்கில் திரும்பி, போய்விட்டது.

பாக்கியம் வாசலுக்கு வந்தாள். அதுக்காகவா. ஆமாம், அதுக்காகத்தான். வேறு பெரிய காரணம் ஏதாவது இருந்தால்கூடத் தேவலை போல இருந்தது. எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள், குழாயடியில் பேச்சு நின்றிருந்தது, இந்தத் தடவை இவளுக்காக. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். கதவைச் சாத்தவில்லை. லைனிங் துணியை நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு பச்சைக் கேட்டைப் பார்த்து நடந்தாள். நாலு வீடுதான். காற்று புழுதியை வாரி இறைத்தது, முந்தானை பறந்தது. இரண்டாவது வீட்டு வாசலில் நின்று கையைத் திறந்து மோந்து பார்த்தாள். வாசனை குறைந்துவிட்டதா, இல்லை மூக்குத்தான் மரத்துவிட்டதா, தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இந்தக் காற்றில் விரித்துப் பிடித்தால் சுத்தமாகப் போய்விடும். போய்விட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது, திரும்பி வந்து மெஷினில் உட்காரலாம். கை தானாக விரியப் பார்த்தது. பாக்கியம் துணியை ஜாக்கெட்டுக்குள், நெஞ்சோடு சேர்த்துச் செருகிக்கொண்டாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது, இனி அது அவள்மேலும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டட்டும் என்று போய்க் கேட்டைத் தட்டினாள்.